ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று இருந்தால் போதுமா?

லிப்பிட் புரொஃபைல் எனும் ரத்தக் கொழுப்புப் பரிசோதனையின் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பெரும்பாலோர் கண் மொத்தக் கொலஸ்ட்ராலுக்குத்தான் போகிறது. 200-க்குள் இருந்தால் மடித்து வைத்துவிடுகிறார்கள். இரண்டு ரிப்போர்ட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் மொத்தம் 196, ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்.டி.எல். 34, ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பான ட்ரைகிளிசரைடு 210. இன்னொன்றில் மொத்தம் 220, எச்.டி.எல். 72, ட்ரைகிளிசரைடு 80. எல்லாம் டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐக் கழித்தால் முதலாமவருக்கு 162, இரண்டாமவருக்கு 148. மொத்தம் ‘நார்மல்’ என்று வந்தவரைப் பற்றித்தான் கூடுதலாகக் கவலைப்பட வேண்டும்.

இப்படிக் கழித்து வருவதுதான் நான்-எச்.டி.எல். ரத்தக் குழாயில் படியக்கூடிய எல்லாத் துகள்களும் சுமக்கும் கொலஸ்ட்ரால் இதில் வந்துவிடும். ரிப்போர்ட்டில் தனியாகப் போடாவிட்டாலும் நீங்களே கழித்துப் பாருங்கள். ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்.டி.எல். எண்ணோ பல சமயம் நேரடியாக அளந்தது அல்ல. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.-ஐயும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துப் போடுவார்கள். 1972-இல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரம் அது. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் அந்தக் கணக்கு செல்லாது. அப்போது வெறும் வயிற்றில் மறுபடி பரிசோதிக்க வேண்டும். மற்றபடி வழக்கமான பரிசோதனைக்குப் பட்டினி கட்டாயமில்லை. காய்ச்சலோ பெரிய நோயோ வந்து தேறிய கையோடு எடுத்த ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம்; எல்.டி.எல். உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும்.

கொலஸ்ட்ரால் ரத்தத்தில் கரையாது. புரதம் போர்த்திய துகள்களில் ஏறித்தான் உடலைச் சுற்றுகிறது. எல்.டி.எல். துகள்கள் தமனியின் உள்சுவருக்குள் நுழைந்து சிக்கிக்கொள்ளும். அவற்றை விழுங்க வரும் வெள்ளணுக்கள் கொழுப்பால் ஊதி அங்கேயே தங்கிவிடும். ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் படிவு வளரும், மேலே நார்த்திசு மூடி ஒன்று உண்டாகும். அந்த மூடி மெலிந்து கிழியும்போது அதன்மேல் ரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடுகிறது. பெரும்பாலான மாரடைப்புகள் இப்படித்தான் வருகின்றன. குழாயைப் பாதிகூட அடைக்காத படிவும் கிழியலாம். அதனால் நெஞ்சுவலி இல்லை, டிரெட்மில் டெஸ்ட் சரியாக இருக்கிறது என்பதெல்லாம் முழு உத்தரவாதம் ஆகாது. எல்.டி.எல். எவ்வளவு என்பதோடு எத்தனை வருடம் அந்த அளவில் இருந்தது என்பதும் முக்கியம்.

‘நல்ல கொழுப்பு’ அதிகமாக இருப்பதால் எல்.டி.எல். பற்றிக் கவலை இல்லை என்ற நம்பிக்கையை விட்டுவிடுங்கள். எச்.டி.எல்.-ஐ மருந்து கொடுத்து உயர்த்திப் பார்த்த பெரிய ஆய்வுகள் ஏமாற்றத்தையே தந்தன. டார்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.-ஐ நன்றாகவே ஏற்றியது, ஆனால் அதை எடுத்தவர்களில் இறப்பு கூடியதால் 2006-இல் ஆய்வையே நிறுத்தினார்கள்.

ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சிட்ட வரம்பு எல்லோருக்கும் ஒன்றுதான். உங்கள் இலக்கு வேறாக இருக்கலாம். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு எல்.டி.எல். 70-க்குக் கீழே, பல வழிகாட்டுதல்களின்படி 55-க்குக் கீழே இருக்க வேண்டும். அவருக்கு 110 என்பது நார்மல் அல்ல. நான்-எச்.டி.எல். இலக்கு இதைவிட 30 கூட. எல்.டி.எல். 190-ஐத் தாண்டினால் பரம்பரைக் காரணம் இருக்கலாம். பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் எல்லோரும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

உணவில் பலன் தருவது நிறைகொழுப்பையும் (நெய், வெண்ணெய் போன்றவற்றில் உள்ளது) டிரான்ஸ் கொழுப்பையும் (வனஸ்பதி போன்றவற்றில் உள்ளது) குறைப்பது. நாளுக்கு 5 முதல் 10 கிராம் கரையும் நார்ச்சத்து எல்.டி.எல்.-ஐ ஏறக்குறைய 5 சதவீதம் இறக்கும். செய்ய வேண்டியதுதான், ஆனால் 180-ஐ 70 ஆக்க இது போதாது; உடலின் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உடலே தயாரிப்பது.

ஸ்டேட்டின் மாத்திரை கல்லீரலில் அந்தத் தயாரிப்பைக் குறைக்கிறது. அதை ஈடுகட்ட, கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐ அதிகமாக இழுத்துக்கொள்கிறது. எல்.டி.எல். ஏறக்குறைய 39 குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாகக் குறைகின்றன. டோஸை இரட்டிப்பாக்கினால் இறக்கமும் இரட்டிப்பாகாது, இன்னும் 6 சதவீதம்தான் கிடைக்கும். அதனால்தான் டோஸை ஏற்றுவதற்குப் பதில் குடலில் உறிஞ்சுதலைத் தடுக்கும் எசெட்டிமைபை மருத்துவர் சேர்த்துக் கொடுக்கிறார். தொடங்கிய 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபரிசோதனை செய்யுங்கள். எண் நன்றாக வந்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. நிறுத்திய சில வாரங்களில் எல்.டி.எல். பழைய இடத்துக்கே ஏறிவிடும்.

தசைவலி வந்தால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தசை பாதிப்பைக் காட்டும் சி.கே. என்ற ரத்தப் பரிசோதனையோடு தைராய்டையும் பார்க்கச் சொல்லுங்கள்: தைராய்டு குறைந்தால் எல்.டி.எல்.-உம் ஏறும், தசைவலியும் வரும். சிறுநீர் கருத்துப் போனால் மட்டும் காத்திருக்க வேண்டாம், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.