முத்திரை விழாத சொல்

1164 அக்டோபர் 6, செவ்வாய். நார்தாம்ப்டன்

மன்னர் ஹென்றி இன்னும் கோட்டைக்கு வரவில்லை. வழியில் ஓடை கண்ட இடமெல்லாம் நின்று வல்லூறு பறக்கவிட்டு வேட்டையாடுகிறாராம். கான்டர்பரிப் பேராயர் தாமஸ் பெக்கெட் வந்துவிட்டார். புனித அந்திரேயா மடத்தில் இறங்கியிருக்கிறார். அவரோடு வந்த குருக்கள் கூட்டத்தில் தம்பியைத் தேடினேன். எல்லாரும் குளிருக்கு முக்காடு போட்டிருந்தார்கள், முகம் பிடிபடவில்லை.

அக்டோபர் 7, புதன்

மன்னர் பூசை முடித்து வரும்வரை பேராயர் காத்து நின்றார். சமாதான முத்தம் கிடைக்கவில்லை. எல்லாரும் பார்த்தார்கள்.

அக்டோபர் 8, வியாழன்

பாகம் என்ற ஊரின் நில வழக்கு. வழக்காளி ஜான் மார்ஷலையே காணோம். அவர் லண்டனில், கருவூலத்தின் கட்டம்போட்ட மேசையில், மன்னர் வேலையாக உட்கார்ந்திருக்கிறார். செப்டம்பரில் அழைத்தபோது பேராயர் நேரில் வராமல் நான்கு வீரர்களிடம் கடிதம் கொடுத்தனுப்பினார் அல்லவா, அதுதான் குற்றம். மன்னரின் நீதிமன்றத்தை அவமதித்தாராம். பேராயரின் நீதிமன்றத்தில் சத்தியம் செய்தபோது மார்ஷல் நற்செய்தி நூலைத் தொடவேயில்லை, ஒரு பாட்டுப் புத்தகத்தை எடுத்து அதன்மேல் கை வைத்தார் என்கிறார்கள் பேராயர் தரப்பினர். அதை விசாரிக்க ஆளில்லை.

பேராயரின் அசையும் சொத்து முழுவதும் மன்னர் தயவில் என்று முடிவானது. அதை யார் வாய் திறந்து சொல்வது என்று பிரபுக்களும் ஆயர்களும் ஒருவர்மேல் ஒருவர் தள்ளிவிட்டார்கள். கடைசியில் வின்செஸ்டர் ஆயர் ஹென்றி தலையில் விழுந்தது.

அக்டோபர் 10, சனி

தூக்கம் இல்லை. மெழுகுவத்தியும் தீரப்போகிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஐ, பெர்க்ஹாம்ஸ்டெட் என்ற இரண்டு ஊர்களின் கோட்டை நிலங்களிலிருந்தும் வந்த 300 பவுண்டு எங்கே என்று கேட்டார்கள். லண்டன் கோட்டையைப் பழுதுபார்க்கச் செலவானது, ஊரே பார்த்தது என்றார் பேராயர். இதற்காக என்னை அழைக்கவில்லையே என்றும் சொன்னார். பிறகு, பணத்துக்காகச் சண்டை வேண்டாம், கொடுத்துவிடுகிறேன் என்றார். விடவில்லை. துலூஸ் போருக்குக் கொடுத்த 500 மார்க். மன்னர் பிணை நின்ற இன்னொரு 500. அதற்கும் மேலே, பேராயராகும் முன் மன்னரின் சான்சலராக, எங்கள் எழுத்தகத் தலைவராக, இருந்த காலம் முழுவதற்கும் கணக்கு. ஆயரில்லாமல் காலியாகக் கிடந்த மறைமாவட்டங்களின் வருமானம் உட்பட. வின்செஸ்டர் ஆயர் 2000 மார்க் தந்து தீர்த்துவிடலாம் என்று பார்த்தார். மன்னர் தொடவில்லை.

அந்தக் கணக்குச் சுருள்களை நாங்கள் எழுதினோம். அவருக்குக் கீழே நானும் தம்பியும் ஒரே பலகையில் உட்கார்ந்து எழுதினோம். கணக்கு மேசைக்கு வந்த, தொகையை வெட்டிக் குறித்த குச்சிகளில் எத்தனை என் விரலிடுக்கில் போயிருக்கும். அவர் ஆடம்பரமாகச் செலவழித்தார், உண்மை. அத்தனையும் மன்னரின் பெருமைக்குத்தான்.

1162இல் வெஸ்ட்மின்ஸ்டரில் நான் இருந்தேன். அவரைக் கான்டர்பரிக்கு அனுப்பும் முன் வின்செஸ்டர் ஆயர் எழுந்து கேட்டார்: சான்சலர் பொறுப்பின் எல்லாப் பாக்கியிலிருந்தும் விடுவித்து எங்களுக்குத் தருவீர்களா? ஏழு வயது இளவரசரும் ரிச்சர்ட் டி லூசியும் மன்னர் பெயரால் ஆம் என்றார்கள். என் காதில் விழுந்தது. இன்று மாலை எங்கள் தலைமை எழுத்தரிடம் போய் இதைச் சொன்னேன். அவர் மை தொட்டுக்கொண்டே கேட்டார்: “எழுத்தில் உண்டா? முத்திரை உண்டா?”

இல்லை.

ஆனால் ஜனவரியில் மன்னரின் கிளாரண்டன் மாளிகையில் என்ன நடந்தது? பழைய வழக்கங்களுக்குக் கட்டுப்படுகிறேன் என்று பேராயர் வாயால் சொன்னார். அதன்பிறகுதான் 16 பிரிவுகளாக எழுதிக் கொண்டுவந்தார்கள். ஒரே தோலில் மூன்று படி எழுதி வெட்டி, ஒன்றை அவரிடம் நீட்டினார்கள். வாங்கிக்கொண்டார், முத்திரை வைக்க மறுத்துவிட்டார். அந்த முத்திரை விழாத வாய்ச்சொல் அவரைக் கட்டுமாம். வெஸ்ட்மின்ஸ்டரின் முத்திரை விழாத வாய்ச்சொல் மன்னரைக் கட்டாதாம். இதை யாரிடம் கேட்பது?

அக்டோபர் 11, ஞாயிறு

மடத்துக்கு ஆயர்கள் போவதும் வருவதுமாக இருக்கிறார்கள். அம்மா இந்நேரம் கான்டர்பரியில் பூசைக்குப் போயிருப்பாள்.

அக்டோபர் 12, திங்கள்

பேராயருக்கு இடுப்பில் வலி, எழ முடியவில்லை. நிஜமா நடிப்பா என்று பார்த்து வர இரண்டு பிரபுக்களை அனுப்பினார்கள்.

அக்டோபர் 13, செவ்வாய்

காலையில் புனித முடியப்பர் பூசை வைத்தாராம். முடியப்பர் திருநாள் டிசம்பரில் அல்லவா? ‘தலைவர்கள் கூடியிருந்து எனக்கெதிராய்ப் பேசினார்கள்’ என்று தொடங்கும் பூசை. மன்னருக்கு உடனே சேதி போய்விட்டது.

கோட்டைக்குள் வரும்போது சிலுவையைத் தாங்குபவரிடமிருந்து வாங்கித் தன் கையிலேயே பிடித்துக்கொண்டார். ஹெர்ஃபோர்டு ஆயர், நான் தாங்குகிறேன் என்று கெஞ்சினார். லண்டன் ஆயர் கில்பர்ட் ஃபோலியட், இவர் என்றும் முட்டாள்தான், இனியும் அப்படியே இருப்பார் என்றார். மன்னர் மேல்தளத்தில், இவர் கீழ்த்தளத்தில். நாள் முழுக்க ஆயர்கள் படியேறி இறங்கினார்கள். தன்மேல் தீர்ப்புச் சொல்ல ஆயர்களுக்குத் தடை விதித்து, பாப்பரசரிடம் முறையிடுகிறேன் என்றார். லெஸ்டர் பிரபு தீர்ப்பைத் தொடங்கியதும், உங்கள் ஞானத் தந்தையை நீங்கள் தீர்ப்பிடுவதா, கேட்க மாட்டேன் என்று எழுந்துவிட்டார்.

போகும்போது விறகுக் கட்டு ஒன்றில் கால் தடுக்கியது. ‘துரோகி!’ என்று கத்தினார்கள். வெளிக்கதவு பூட்டிக் கிடந்தது. சாவிக்கொத்து சுவரில் தொங்கியது. அதைத் திறந்தவன் கையைப் பார்த்தேன். தம்பியின் கை இல்லை. வெளியே ஏழைகள் கூட்டம் அவர் குதிரையைச் சூழ்ந்துகொண்டது.

அவருடைய வீரர்களில் பலர் சேவகத்தை முடித்துக்கொண்டு போய்விட்டார்கள். இரவு மழை கொட்டுகிறது.

அக்டோபர் 14, புதன்

போய்விட்டார். படுக்கையைப் பீடத்துக்குப் பின்னால் போடச் சொல்லிவிட்டு, மழையிலேயே வடக்கு வாசல் வழியாக. அங்கே காவல் இல்லை.

தம்பிக்கும் தெரியாது. காலையில் எழுந்துதான் தெரிந்ததாம். மடத்துச் சுவரோரம் நின்று பேசினோம். மெலிந்திருக்கிறான். பேராயர் ஆட்களை யாரும் தொடக்கூடாது என்று மன்னர் அறிவித்திருக்கிறார், பயப்படாதே என்றேன்.

“அந்த அறிவிப்பு எழுத்தில் இருக்கிறதா அண்ணா?” என்றான்.

கான்டர்பரி போய், அம்மாவைப் பார்த்துவிட்டு, கடல் தாண்டப்போகிறானாம். அனுமதியின்றி நாட்டைவிட்டுப் போகக்கூடாது, கிளாரண்டனின் 4ஆம் பிரிவு என்றேன். அதை நீதானே படியெடுத்தாய் என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

நவம்பர், தேதி நினைவில்லை

பேராயர் 2ஆம் தேதி சாண்ட்விச்சில் சிறு படகேறி ஃபிளாண்டர்ஸ் கரை சேர்ந்துவிட்டார். மன்னரின் தூதர்களும் அதே நாளில்தான் கடலைக் கடந்திருக்கிறார்கள். தம்பியைப் பற்றி ஒன்றும் இல்லை.

பிறகொரு நாள்

‘முன்னாள் பேராயர்’ என்று நம் கடிதத்தில் இருந்ததாம். பிரான்சு மன்னர் லூயி, அவரைப் பதவி நீக்கியது யார், நானும் மன்னன்தான், என் நாட்டில் கடைசிக் குருவைக்கூட என்னால் நீக்க முடியாதே என்று கேட்டாராம். கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. யாருக்கும் காட்டவில்லை.

டிசம்பர் 24, வியாழன். மார்ல்பரோ

மன்னரின் தூதர்கள் பாப்பரசர் தங்கியிருக்கும் சான்ஸிலிருந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். மன்னர் அறையிலிருந்து சத்தம் முற்றம்வரை கேட்கிறது.

டிசம்பர் 26, சனி

இன்றுதான் முடியப்பர் திருநாள்.

டிசம்பர் 27, ஞாயிறு

ஞாயிறு என்றும் பார்க்காமல் எழுதுகிறோம். கான்டர்பரியின் சொத்துகள் ரானுல்ஃப் டி புரோக் பொறுப்பில். பேராயரின் உறவினர், குருக்கள், வேலையாட்கள், கைக்குழந்தை முதல் கிழவிவரை நாடுகடத்தல். நேரே பேராயரிடம் போய் நிற்போம் என்று சத்தியம் வாங்கித்தான் அனுப்ப வேண்டும். அவர் கண்முன் போய் அழ வேண்டும், அதற்குத்தான். நடுக்குளிரில் கடல்.

மாவட்டம்தோறும் மன்னரின் அதிகாரியாக இருக்கும் ஒவ்வொரு ஷெரிஃபுக்கும் ஒரு படி. வாசகம் ஒன்றேதான்: பேராயரோடு இருக்கும் குருக்களின் தந்தை, தாய், சகோதரர், சகோதரி, அவர்கள் பிள்ளைகள், எல்லாரையும் அவர்கள் உடைமைகளோடு பிணையில் வை, மறு உத்தரவு வரும்வரை.

தாய். சகோதரர். காலையிலிருந்து இந்த இரண்டு சொல்லையும் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். பிழையே வரவில்லை, எழுத்து அழகாகத்தான் விழுகிறது. தம்பி பிரான்சில்தான் இருக்கிறான் என்பது இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? பக்கத்துப் பலகைக்காரன் இன்று என்னிடம் கத்தி கடன் கேட்கவில்லை. தினமும் கேட்பான்.

இதற்கெல்லாம் முத்திரை உண்டு. மெழுகு சூடாறுவதற்குள் அடுத்த படி வந்துவிடுகிறது.

டிசம்பர் 28, திங்கள்

கான்டர்பரி அடங்கிய கென்ட்டின் ஷெரிஃபுக்கான படி என் பங்கில் விழுந்திருக்கிறது. அம்மாவுக்கு ஆள் அனுப்ப வேண்டும். தோல் செருப்பு, கனத்த போர்வை, அப்பாவின் வெள்ளிக் கிண்ணத்தை விற்றுப் பணம். டோவர் வேண்டாம், அங்கே ஆட்கள் நிற்பார்கள். மார்ல்பரோவிலிருந்து கான்டர்பரிக்கு ஆணை கொண்டுபோகும் தூதனுக்கு முன்னால் யார் போய்ச் சேர முடியும்? குதிரை வைத்திருக்கும் ஒருவனைத் தெரியும். இரவு போய்க் கேட்கிறேன்.