ஃபிரேசர் மலை: கால்கள் பேசிய பகல்

மலேசியாவின் ஃபிரேசர் மலைக்குச் சைக்கிளில் போய் வந்தவர்கள் கடைசி 8 கிலோமீட்டரைப் பற்றித்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால், அந்த ஏற்றம் அடிவார ஊரான கோல குபு பாருவில் காலைப் பசியாறும் மேசையிலேயே தொடங்கிவிடுகிறது. அங்கே என்ன சாப்பிட்டோம், எவ்வளவு தண்ணீர் நிரப்பிக்கொண்டோம் என்பதை மதியம் கால்கள் எடுத்துச் சொல்லும்.

நானும் என் தங்கையின் கணவரும் விடியும் முன்பே பத்துமலையிலிருந்து புறப்பட்டோம். பத்து அணையைத் தாண்டி உலு யாம் போகும் காட்டுச் சாலை கோலாலம்பூர் சைக்கிள்காரர்களுக்கு மனப்பாடம். அதையும் பத்தாங்காலியையும் கடந்து கோல குபு பாருவுக்கு வந்து சேர்ந்தபோது பசி காதை அடைத்தது. ஆளுக்கு இரண்டு ரொட்டி சானாய், பருப்புக் குழம்பு, பாலில்லாத தே ஓ தேநீர். கடைக்கார அண்ணன் எங்கள் சைக்கிள்களைப் பார்த்துவிட்டு, "மேலே போகப் போகக் கடை கிடையாது தம்பி, இங்கேயே வயிறு நிறையச் சாப்பிட்டுவிடுங்கள்" என்றார். கேட்காமலேயே இன்னொரு ரொட்டி தட்டில் விழுந்தது.

இந்த ஊருக்கும் தண்ணீருக்கும் பழைய கணக்கு உண்டு. 1883-ல் அணை உடைந்து பழைய கோல குபுவை வெள்ளம் வாரிக்கொண்டு போனது. பின்னாலும் வெள்ளம் விடாததால்தான் ஊரையே இடம் மாற்றிக் கட்டினார்கள். இப்போது ஊரைத் தாண்டியதும் சிலாங்கூர் ஆற்று அணையின் பெரிய நீர்ப்பரப்பு வலப்பக்கம் விரிகிறது. நிழல் குறைவான இடம் அது. வெயில் முதுகில் ஏறுகிறது.

அதன் பிறகு காடு. கேப் என்கிற கணவாய் வரை சுமார் 30 கிலோமீட்டர். எங்குமே செங்குத்து என்று சொல்லிவிட முடியாது. ஆனால் விடாது. வளைவு திரும்பினால் இன்னொரு வளைவு. அரபு அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில் வேலை பார்க்கும் என் பெரியப்பா மகன், ஜெபல் ஜைஸ் பாலைவன மலைச் சாலையில் ஏறுபவர். அங்கே மரமே இல்லை, மொட்டைப் பாறைதான். வியர்வை வந்த சுவடே தெரியாமல் காய்ந்து, சட்டையில் உப்பு மட்டும் வெள்ளையாக நிற்கும் என்பார். எங்கள் மலையில் நேர்மாறு. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விப்பதும் இல்லை. தலைக்கவசப் பட்டையின் நுனியில் ஒரு துளி திரண்டு, சைக்கிள் சட்டத்தில் விழுந்து, அடுத்த துளி உடனே திரளும். இதை வெகு நேரம் பார்த்துக்கொண்டே மிதித்தேன். பாலைவனத்தை விட இது எளிது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் உப்புக் கலந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

1951 அக்டோபர் 6 அன்று, மலாயாவின் பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஹென்றி கர்னி இதே சாலையில்தான் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். காரை விட்டு இறங்கி அவர் நடந்தார். உள்ளே இருந்த மனைவி உயிர் தப்பினார். காரில் போகிறபோது இந்த வளைவுகள் வெறும் வளைவுகள். நடை வேகத்தில் ஏறும்போதுதான், பதுங்கியிருக்க இந்தக் காடு எவ்வளவு வாகானது என்பது உறைக்கிறது.

கேப்பில் பழைய ஓய்வு விடுதி பூட்டிக் கிடக்கிறது. வாழைப்பழமும் பேரீச்சம்பழமும் தின்றோம். மைத்துனர் தொடையைப் பிடித்துக்கொண்டு, "மச்சான், ஐந்து நிமிடம்" என்றார். பத்து நிமிடம் கொடுத்தேன்.

இங்கிருந்துதான் அந்த 8 கிலோமீட்டர். பழைய சாலை மிகக் குறுகல். எதிரெதிரே வண்டிகள் விலக இடமில்லாததால், கேட் போட்டு ஒரு மணி நேரம் ஏறவும் அடுத்த மணி நேரம் இறங்கவும் விட்ட காலம் உண்டு. ஓரத்தில் பாசி, ஈரச் சருகு. எங்கோ சியாமாங் குரங்குகள் கத்தின. ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. இறுதிப் பற்சக்கரத்தில் சங்கிலி கறகறவென்று ஓட, நான் நினைத்தது தாத்தாவைத்தான்.

அவர் ரவாங் பக்கம் பி.டபிள்யூ.டி.யில் சாலைக் கூலி. இந்தச் சாலையில் அவர் கை பட்டதா என்றால், இல்லை. ஆனால் மலாயாவின் சாலைகளிலும் ரயில் பாதைகளிலும் கல் உடைத்துக் கொட்டிய கைகளில் பெரும்பகுதி தமிழ்க் கைகள். காட்டை வெட்டி, மலையின் இடுப்பைச் சுற்றி இப்படிச் சீராக ஒரு சரிவைக் கொண்டுபோவது லேசுப்பட்ட வேலையல்ல. வெள்ளைக்காரர்கள் வெக்கைக்குத் தப்பிக் குளிர்ச்சியில் இருந்துவிட்டு வர 1920-களில் எழுந்த ஊர் இது. வெள்ளீயத் தாது தேடி வந்த ஃபிரேசரின் பெயர் மலைக்கு நிலைத்துவிட்டது. சாலை போட்டவர்களில் ஒருவர் பெயரும் எந்தப் பலகையிலும் இல்லை. எனக்கு இது இன்னும் ஆறவில்லை. நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டும். முடிந்தால் சைக்கிளில் கூட்டிக்கொண்டு போய்ச் சொல்லித்தர வேண்டும்.

மணிக்கூண்டு தெரிந்தபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. வேனில் வந்து காத்திருந்த தங்கை, புளிச்சாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். அவர் வாய் நிறையச் சோற்றோடு, "அடுத்தது தாப்பாவிலிருந்து கேமரன் மலை" என்றார். அவள் என் பக்கம் திரும்பி, "அண்ணா, நீங்கள்தானே இவரைக் கெடுப்பது?" என்றாள். தேதியை நாங்கள் கேப்பிலேயே முடிவு செய்துவிட்டோம் என்பதை நான் அப்போது சொல்லவில்லை.