பல் டாக்டர் நாற்காலியில் பயமில்லாமல் உட்கார: ரூட் கேனாலுக்குப் போகிறவர்களுக்கு

ரூட் கேனால் என்பது பல்லின் வேருக்குள் கெட்டுப்போன திசுவை எடுத்து, கழுவிச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை. பல் டாக்டர் என்றாலே பயப்படுகிறவர்கள் பெரும்பாலும் வலி தாங்க முடியாத கட்டத்தில்தான் கிளம்புவார்கள். சிக்கலே அங்குதான். சீழ் கட்டிய இடத்தில் திசு புளிப்பேறி அமிலமாகிவிடும். அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி முழுதாக வேலை செய்யாது. ஊசி போட்டும் வலித்ததே என்ற நினைப்போடு வீடு திரும்பியவர் அடுத்த முறை இன்னும் தள்ளிப்போடுவார். கிராம்பை அடக்கிக்கொண்டு நாள் கடத்தினால் ஈறு வெந்துபோவதுதான் மிச்சம். பல் கூச ஆரம்பிக்கும்போதே போவதுதான் பயத்துக்கு முதல் மருந்து.

நேரம் கேட்டு போன் செய்யும்போதே பயத்தைச் சொல்லிவிடுங்கள். "எனக்கு ஊசி என்றால் ரொம்பப் பயம், காலையில் முதல் ஆளாகப் பாருங்கள்" என்றால் போதும். மாலைக் கூட்டத்தில் உட்கார்ந்து உள்ளேயிருந்து வரும் ட்ரில் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதே பாதிப் பயத்தைக் கிளப்பிவிடும். எது உங்களைப் பயமுறுத்துகிறது என்று பிரித்துப் பார்த்துக்கொள்வதும் நல்லது. இதற்கென்று ஐந்து கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலே இருக்கிறது: நாளைக்குப் போகவேண்டும் என்ற நினைப்பு, காத்திருப்பது, ட்ரில், பல் சுத்தம் செய்வது, ஊசி. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டினால் 19 அல்லது அதற்கு மேல் வருகிறவர்களுக்குக் கடும் பயம் என்று கொள்கிறார்கள். மொத்தத்தைவிட எந்தக் கேள்விக்கு 5 போட்டீர்கள் என்பதுதான் டாக்டருக்கு உதவும்.

வெறும் வயிற்றோடு போகாதீர்கள். ஒரு மணி நேரம் முன்பு இரண்டு இட்லியாவது உள்ளே போகட்டும். பிரஷர், சுகர் மாத்திரைகளை வழக்கம்போலப் போட்டுக்கொண்டு, என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவே கூடாது.

உட்கார்ந்ததும் முதல் பேச்சு சைகையைப் பற்றி இருக்கட்டும். இடது கையைத் தூக்கினால் நிறுத்திவிட வேண்டும். டாக்டர் பெரும்பாலும் வலப்பக்கம் உட்காருவதால் இடது கை கருவிகளில் படாது. வலி இல்லாதபோதே ஒரு தடவை தூக்கிப் பாருங்கள். அவர் உடனே நிறுத்துவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் உடம்பு தளர்ந்துவிடும். "இவ்வளவு பெரிய ஆள், இதுக்குப் போய்ப் பயப்படலாமா" என்று அதட்டுகிற இடமாக இருந்தால் வேறு டாக்டரைப் பாருங்கள். இதில் சங்கடப்பட ஒன்றுமில்லை.

ஊசிக்கு வருவோம். ஈறைத் துடைத்து உலரவைத்து, மரத்துப்போகும் ஜெல் தடவி ஒன்றிரண்டு நிமிடம் விடச் சொல்லுங்கள். எச்சில் ஈரத்தின் மேல் தடவி உடனே குத்தினால் ஜெல்லுக்குப் பலன் இல்லை. ஊசியில் நோவது குத்துவதைவிட மருந்தை வேகமாகச் செலுத்துவதுதான். நிமிடத்துக்கு 1 மில்லி என்ற அளவில் மெதுவாக ஏற்றினால் இறுக்கம் மட்டுமே தெரியும். வழக்கமாகப் போடுவது 2 சதவீத லிக்னோகெய்ன் என்ற மரப்பு மருந்து. அதோடு அட்ரினலின் சேர்ந்திருந்தால் சிலருக்கு உடனே நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். இது அலர்ஜியும் இல்லை, மாரடைப்பும் இல்லை. சில நிமிடங்களில் தானாக அடங்கும். அப்படி வந்தால் டாக்டரிடம் சொல்லிவிட்டு அமைதியாகப் படுத்திருங்கள்.

மேல் பல்லென்றால் சில நிமிடங்களில் மரத்துவிடும். கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு நரம்பையே மரக்கச் செய்ய வேண்டும், 10 முதல் 15 நிமிடம்கூட ஆகலாம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உதடு தடித்தது போலானால் பல்லும் மரத்துவிட்டது என்று அர்த்தமில்லை. ட்ரில் தொடும் முன் பல்லில் குளிர்ச்சி வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சுரீர் என்றால் இன்னும் காத்திருக்க வேண்டும், அல்லது பல்லின் ஓரத்தில் கூடுதல் ஊசி வேண்டும். அழுத்தமும் அதிர்வும் தெரியத்தான் செய்யும். கூர்மையான வலி தெரிந்தால் பல்லைக் கடித்துப் பொறுக்க வேண்டாம், கையைத் தூக்குங்கள்.

பயத்திலும் இரண்டு வகை உண்டு. இதயம் அடித்துக்கொள்கிறவர்கள் மூச்சை நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விட்டால் தணியும். ஊசியைப் பார்த்ததும் வியர்த்து, கண் இருட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கு இது சரிவராது. அவர்களுக்கு ரத்த அழுத்தம் இறங்குகிறது, உடம்பைத் தளர்த்தினால் இன்னும் இறங்கும். கை, தொடை, வயிற்றுத் தசைகளை 10 முதல் 15 விநாடி இறுக்கி, அரை நிமிடம் விட்டு, ஐந்து முறை செய்ய வேண்டும். நாற்காலியையும் சாய்த்துக் காலை உயர்த்தச் சொல்லுங்கள்.

நடுவில் சில விஷயங்கள் திடுக்கிட வைக்கும். வாயில் ரப்பர் விரிப்பு மாட்டுவார்கள், மூச்சு மூக்கால் தாராளமாக வரும். கருவி ஒன்று பீப் பீப் என்று கத்தும், அது வேரின் நீளத்தை அளக்கிறது. பிளீச்சிங் பவுடர் நெடி வந்தால் வேரைக் கழுவுகிறார்கள் என்று பொருள். எக்ஸ்ரே வைக்கும்போது குமட்டினால் நாக்கு நுனியில் ஒரு சிட்டிகை உப்பு வைத்து, ஒரு காலைத் தூக்கிப் பிடித்து அதிலேயே கவனத்தை வைத்தால் பலருக்கு அடங்கிவிடும்.

இவ்வளவு செய்தும் முடியாதவர்களுக்கு, மூக்கு வழியே சுவாசிக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு இருக்கிறது. நிறுத்திய சில நிமிடங்களில் தெளிந்துவிடும். பயம் தணிக்கும் மாத்திரை என்றால் டாக்டர் எழுதித் தந்தது மட்டுமே, துணைக்கு ஓர் ஆளோடு, பைக் ஓட்டாமல். மேல் பல்லில் கை வைத்தால் கண் பார்வை போகும் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். பல்லின் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. அப்படி ஆகாது.

மரப்பு போக இரண்டு முதல் நாலு மணி நேரம் ஆகும். அதுவரை சூடான காபி வேண்டாம், கன்னத்தைக் கடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் நாளிலேயே வலி போய்விட்டால் பயந்தவர்கள் அடுத்த சிட்டிங்குக்குப் போகமாட்டார்கள். தற்காலிக அடைப்பு சில வாரங்களுக்கு மேல் தாங்காது. அது பெயர்ந்தால் கிருமி மீண்டும் இறங்கும். கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை) போடாத கடைவாய்ப் பல் முறுக்கு கடிக்கும்போது பிளந்துபோகலாம், பிறகு பிடுங்குவதைத் தவிர வழியிருக்காது. அதனால் அடுத்த தேதியை அன்றைக்கே, கிளினிக்கை விட்டுக் கிளம்பும் முன் வாங்கிவிடுங்கள்.