உடைபடாமல் தப்பிய கப்பல்

திருச்சியில் நள்ளிரவில் விமானம் ஏறி, விடிவதற்குள் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கிய எனக்கு, ஊரைவிட்டு எவ்வளவு தூரம் வந்துவிட்டேன் என்பது நெடுநாள் உறைக்கவே இல்லை. அதை உறைக்கவைத்தவர் எங்கள் புளோக்கில் எதிர்வீட்டில் இருக்கும் பாட்டி. 1950களில், எட்டு வயதுச் சிறுமியாக நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பலில் ஏறி, ஏறத்தாழ ஒரு வாரம் கடலில் கிடந்து, பினாங்கு வழியாக இங்கே வந்தவர் அவர். 1926-இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட அந்த நீராவிக் கப்பலை எங்கே பார்க்கலாம் என்று கேட்டேன். “அதை எப்பவோ உடைச்சுட்டாங்க தம்பி” என்றார்.

அதனால்தான், அதைவிட மூத்த ஒரு கப்பல் அருகிலேயே இருப்பதை அறிந்ததும் அவரை அழைத்துச் சென்றேன். தானா மேரா படகுத்துறையிலிருந்து ஃபெர்ரியில் ஒரு மணி நேரம் போனால் இந்தோனேசியாவின் பிந்தான் தீவு. அங்கே நங்கூர வடிவில் அமைத்த நிலத்தின்மீது ‘டூலோஸ் ஃபோஸ்’ நிற்கிறது. 1914-இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ‘மெடினா’ என்னும் சரக்கு நீராவிக் கப்பலாகப் பிறந்து, பின்னர் பயணிகள் கப்பலாகி, 1950களில் டீசல் இயந்திரத்துக்கு மாறி, முப்பதாண்டுகள் மிதக்கும் புத்தகக் கடையாக நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் சென்று, 2009-இல் ஓய்வுபெற்றது. உடைப்பதற்குப் போகவிடாமல் சிங்கப்பூர்த் தொழிலதிபர் ஒருவர் அதை வாங்கிச் சீரமைத்தார். இப்போது அது தங்கும் விடுதி. முழு அருங்காட்சியகமாக ஆக்கியிருக்கலாமே என்று முதலில் தோன்றியது. ஆனால் உப்புக்காற்றில் நிற்கும் இரும்பைக் காக்க இடைவிடாத செலவு உண்டு என்பதால், அறை வாடகையால் கப்பல் பிழைப்பதை நான் குறையாகக் கருதவில்லை.

என்னை அதிக நேரம் நிறுத்திவைத்தவை அதன் உடலெங்கும் வரிசையாகத் தெரியும் தறையாணிகள்தாம். பற்றவைப்பு (வெல்டிங்) பரவாத அக்காலத்தில், எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, பழுக்கக் காய்ச்சிய ஆணியைத் துளையில் செருகி, ஆறுவதற்குள் அடித்து இறுக்குவார்கள். ஆணி குளிர்ந்து சுருங்கும்போது தகடுகள் இன்னும் நெருங்கும். ரஜுலாவின் தகடுகளையும் இப்படித்தான் இணைத்திருப்பார்கள் என்று சொன்னதும் பாட்டி ஓர் ஆணியின் தலையில் உள்ளங்கையை வைத்து, வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

மேல்தளத்துக்கு வந்ததும் அவர் சுற்றுமுற்றும் பார்த்து, கைப்பிடிக் கம்பியோரம் காலடி வைத்து நாலுக்கு ஆறடி அளந்து காட்டினார். “இவ்வளவுதான் தம்பி, அஞ்சு பேருக்கு. பெட்டி இந்தப் பக்கம். அம்மா தலைமாட்டுல தண்ணிக்கூசா. நான் இங்க, கம்பியைப் புடிச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்.”