காலையில் புலி, உச்சியில் முதலை

மிருகக்காட்சி சாலை வாசலில் மாட்டியிருக்கும் வரைபடத்தின் வரிசைப்படி நடந்தால், பாதி விலங்குகளின் தூங்கும் முதுகைத்தான் பார்க்க முடியும். சிங்கம் ஒரு நாளில் 20 மணி நேரம் வரைகூடப் படுத்தே கிடக்கும். அதனால் கதவு திறந்ததும் மான், மயில் எல்லாவற்றையும் தாண்டி நேராகப் புலி, சிங்கம் இருக்கும் பக்கம் போய்விடுங்கள். இரவுக் கூண்டிலிருந்து வெளியே விட்ட புதிதில்தான் அவை எல்லையைச் சுற்றி வரும், மரத்தில் நகம் கீறும். கிப்பன் குரங்குகளின் பாட்டும் பெரும்பாலும் காலையில்தான்.

புலி ஓரிடத்தை முகர்ந்துவிட்டு, மேலுதட்டைச் சுருட்டி வாயைப் பிளந்து நின்றால், பக்கத்தில் யாராவது ‘முறைக்குது பாரு’ என்பார்கள். முறைப்பெல்லாம் இல்லை. மேலண்ணத்தில் இருக்கும் மோப்ப உறுப்புக்கு அந்த வாசனையை ஏற்றுகிறது. அதே புலி கம்பிக்கு முதுகைக் காட்டி வாலைத் தூக்கினால் மட்டும் உடனே நகர்ந்துவிடுங்கள். சிறுநீரைப் பின்பக்கமாகப் பீய்ச்சும்; அந்த வாடை துணியை விட்டு லேசில் போகாது. நீர்யானை இன்னும் மோசம். வாலை விசிறிபோல் ஆட்டிச் சாணியை நாலாபக்கமும் தெளிக்கும்.

ஒட்டகச்சிவிங்கியிடம் பத்து நிமிடமாவது நில்லுங்கள். அது அசைபோடும் விலங்கு. இலை தின்னாமல் சும்மா நிற்கும்போது கழுத்தின் அடிப்பகுதியைக் கவனித்தால், ஒரு பந்து தோலுக்கடியில் விறுவிறுவென மேலே ஏறுவது தெரியும். வாய்க்கு வந்ததும் தாடை பக்கவாட்டில் அரைக்கும். பிறகு விழுங்கியது கீழே இறங்கும். சில விநாடிகளில் அடுத்த பந்து ஏறும். மாடும் இதைத்தான் செய்கிறது, ஆனால் இவ்வளவு நீளக் கழுத்தில் பார்க்கும் சுகமே தனி. கொம்பு நுனியில் மயிர்க்கற்றை இருந்தால் பெண் அல்லது இளம் ஆண். தேய்ந்து மொட்டையாக இருந்தால் வளர்ந்த ஆண்.

வெயில் ஏறியதும் ஊர்வனவற்றுக்குப் போகலாம். முதலை வாயைத் திறந்தபடி சிலைபோல் கிடப்பது உடல் சூட்டைத் தணிக்க. செத்துவிட்டதோ என்று கல்லெறிபவர்கள் எல்லாக் காட்சி சாலையிலும் உண்டு. அந்தக் கல் கண்ணில் பட்டால் காயம், குளத்தில் விழுந்தால் வயிற்றுக்குள் போகவும் வாய்ப்புண்டு. சொம்பு மூக்கு முதலை இருந்தால் மூக்கு நுனியைப் பாருங்கள்: சொம்புபோல் புடைத்திருந்தால் வளர்ந்த ஆண், பெண்ணுக்கு அது கிடையாது. பாம்பின் கண்ணாடியைத் தட்டாதீர்கள். அந்த அதிர்வு அதன் உடம்பு முழுக்கப் போகிறது.

இரவாடிகளுக்கான இருட்டறையில் பகலையும் இரவையும் விளக்கால் மாற்றிப் போட்டிருப்பார்கள். நுழைந்த உடனே ‘ஒண்ணுமே இல்லை’ என்று வெளியேறுபவர்கள்தான் அதிகம். கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடமாவது வேண்டும். ஒருவர் செல்போன் விளக்கைப் போட்டால் அங்கிருக்கும் எல்லோருக்கும் அந்தப் பத்து நிமிடம் வீண்.

படம் எடுக்க: கண்ணாடி என்றால் லென்ஸை அதோடு ஒட்டி வையுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். கம்பி வலை என்றால், அனுமதித்த தூரம்வரை வலையை நெருங்கி, விலங்கு வலையிலிருந்து விலகி நிற்கும்வரை காத்திருங்கள். வலை மங்கி மறைந்துவிடும். வலையிலிருந்து தள்ளி நின்று எடுத்தால் கம்பியில் ஃபோகஸ் விழ வாய்ப்பு அதிகம்.

மூடுவதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தை மீண்டும் புலிக்கும் கரடிக்கும் வையுங்கள். உணவு பெரும்பாலும் இரவுக் கூண்டில்தான் என்பதால், பின்கதவுப் பக்கமே சுற்றிக்கொண்டிருக்கும். இந்த நடையையும் நாள் முழுக்க ஒரே தடத்தில் போய்த் திரும்பும் நடையையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டாவது, அடைபட்டதால் வரும் மன உளைச்சல். அந்த இடத்தில் புல்லே முளைக்காமல் தரை தேய்ந்திருக்கும். பசி நடை அப்படியல்ல. தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் காது திரும்பும், கதவு ஒரு ஆள் அகலம் திறப்பதற்குள் புலி உள்ளே போயிருக்கும்.