நியூயார்க்கின் திறப்பு விழாக்களும் அப்புறம் நடந்தவையும்

1883 புரூக்ளின் பாலம், 1904 சுரங்க ரயில், 1931 எம்பயர் ஸ்டேட் கட்டடம் என்று நியூயார்க் வரலாற்றில் திறப்பு விழாத் தேதிகளுக்குப் பஞ்சமே இல்லை. எனக்கென்னவோ விழா முடிந்து பந்தலைப் பிரித்த பிறகு நடந்தவைதான் சுவாரசியம்.

புரூக்ளின் பாலத்தை வடிவமைத்த ஜான் ரோப்லிங், கட்டுமானம் தொடங்குமுன்பே 1869-இல் காலில் அடிபட்டு டெட்டனஸ் வந்து இறந்துவிட்டார். பொறுப்பேற்ற மகன் வாஷிங்டன், ஆற்றுக்கு அடியில் அழுத்தக் காற்று நிரப்பிய அறைகளில் இறங்கி இறங்கி உடம்பைக் கெடுத்துக்கொண்டு வீட்டோடு முடங்க, அவர் சொல்வதையெல்லாம் குறித்துக்கொண்டு போய்ப் பொறியாளர்களிடம் சேர்த்து வேலையை நகர்த்தியவர் அவருடைய மனைவி எமிலி. மே 24 அன்று ஜனாதிபதி செஸ்டர் ஆர்தரே வந்து பாலத்தில் நடந்தார். தலைமைப் பொறியாளரால் விழாவுக்குப் போக முடியவில்லை, வீட்டு ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார்!

சரியாக ஆறாம் நாள், படிக்கட்டில் ஒரு பெண் தடுக்கி விழ, கூட்டம் மிரண்டு ஓடி நெரிசலில் 12 பேர் இறந்தார்கள். பாலம் பலமானதுதான் என்று எத்தனை கணக்குப் போட்டுக் காட்டினாலும் ஜனங்களுக்கு நம்பிக்கை வர வேண்டுமே. மறுவருடம் மே மாதம் சர்க்கஸ் முதலாளி பி. டி. பார்னம் 21 யானைகளை அதன் மேல் ஓட்டிக்கொண்டு போனார். அவருக்கு அது விளம்பரம், பாலத்துக்கு நற்சான்று.

சுரங்க ரயில் விழாவில் வேறு கூத்து. சும்மா ரயிலைக் கிளப்பிவிட்டுக் கைப்பிடியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய மேயர் மெக்லெலன், விட மனமில்லாமல் 103-ஆம் தெரு வரை தானே ஓட்டினார். எம்பயர் ஸ்டேட்டோ பொருளாதார மந்தத்தின் நடுவில் திறந்து, வாடகைக்கு ஆளில்லாமல் வருடக்கணக்கில் பாதிக்கு மேல் காலியாகக் கிடந்தது.

என்னைக் கேட்டால் இவற்றில் முக்கியமானது திறப்பே அல்ல, ஓர் இடிப்பு. 1910-இல் திறந்த பென்சில்வேனியா ரயில் நிலையத்தின் பிரம்மாண்டமான தூண்களை 1963-இல் இடிக்கத் தொடங்கினார்கள். அந்தக் கோபம் அடங்குமுன் 1965-இல் பழைய கட்டடங்களைக் காக்கும் நகரச் சட்டம் வந்தது. கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் தலைக்கு மேல் கோபுரம் எழுப்பப் பார்த்தவர்களை 1978-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தடுத்தது அதே சட்டம்தான்.