முறுக்கு பொடியான கதை

காரைக்குடியில் எங்கள் தெரு ஆச்சி வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறார். ஆர்டரையெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி வைப்பார். நான் சும்மா இருந்திருக்கலாம். வலைப்பக்கம் செய்ய உதவும் வியூ ஜேஎஸ்ஸில் ஒரு ஃபார்ம் செய்து அவர் பேத்தியின் போனில் போட்டுக் கொடுத்தேன். பெயர், ஊர், பலகாரம், எண்ணிக்கை, அடியில் குறிப்பு. அப்புறம் 'அழி' என்று ஒரு பொத்தான்.

போன வாரம் தேவகோட்டையில் அறுபதாம் கல்யாணச் சாந்தி நடந்த ஒரு வீட்டுக்கு ஐம்பது கைமுறுக்கு போயிற்று. பொடியாக.

"குறிப்பில் அப்படித்தானே தம்பி இருந்தது? 'பல் இல்லை, இடித்து அனுப்பவும்' என்று. அறுபதாம் கல்யாணம், வருகிறவர்களுக்கெல்லாம் பல் ஆடும் வயசுதானே என்று நானும் உரலில் போட்டு இடித்துவிட்டேன்" என்றார் ஆச்சி. கை வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே.

அது அதற்கு முந்தைய ஆர்டரின் குறிப்பு. கண்டனூர்ப் பெரியவர் ஒருவர் நாலே நாலு முறுக்குக்குச் சொன்னது.

பேத்தியைப் பக்கத்தில் உட்கார்த்திப் பார்த்தேன். 'அழி' தொட்டதும் கட்டங்கள் எல்லாம் காலி. அடுத்த பெயரின் முதல் எழுத்தைத் தட்டினாள். அடியில் பழைய குறிப்பு கூசாமல் திரும்ப வந்து உட்கார்ந்தது. கீபோர்டு மறைத்ததால் அவள் கண்ணில் படவே இல்லை.

தப்பு என்னுடையதுதான். பொத்தானில் வெறும் ஃபார்ம் ரீசெட் போட்டிருந்தேன். அது திரையில் இருக்கும் கட்டங்களை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். கட்டத்தில் எழுத்து மாறியது என்று சொல்லும் இன்புட் ஈவென்ட் எதுவும் கிளம்பாது. அதனால் கட்டத்தோடு வி-மாடல் என்ற வியூ வசதி கட்டிவைத்த டேட்டாவுக்குச் சேதியே போகாது. திரை மறுபடி ரெண்டர் ஆகும்போது, அதாவது புதிதாக வரையப்படும்போது, அந்தப் பழைய டேட்டாவே கட்டத்தில் வந்து நிற்கும்.

சரி, டேட்டாவையே அழிப்போம் என்று காலி ஆப்ஜெக்ட் ஒன்றை, அதாவது ஒரு ஆர்டரின் விவரமெல்லாம் போடும் வெற்று டப்பா போல ஒன்றை வைத்து, ஒவ்வொரு தடவையும் அதையே எடுத்துக் கொடுத்தேன். முதல் தடவை சரியாக இருந்தது. இரண்டாம் தடவை மறுபடியும் பல் இல்லை! தட்டச்சு செய்வதெல்லாம் அந்தக் காலி ஆப்ஜெக்டுக்குள்ளேயே போய் விழுந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைச் செய்து தரும் ஃபங்ஷன் எழுதிய பிறகுதான் அடங்கியது.

ஆச்சியிடம் விளக்கினேன். "ஏனத்தைக் கவிழ்த்துவிட்டுக் கழுவாமல் வைத்திருக்கிறாய்" என்றார். இரண்டு நாள் உட்கார்ந்து நான் கண்டுபிடித்தது.

நேற்று சாந்தி வீட்டிலிருந்து போன். பொடி இன்னும் கால் கிலோ வேண்டுமாம், பாலில் போட்டுச் சாப்பிட. ஆச்சி காலண்டர் தாளைத் தேடி எடுத்தார்.